அலர்ஜிக் குளிசையைத் தெரிந்தெடுப்பது எப்படி: கொழும்பில் முதன்முறை வாங்குவோருக்கு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பாமசிக்குப் போய், "தும்மலுக்கு ஏதாவது தாருங்கள்" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று கைக்கு வரும்: பிரிட்டோன் என்று எல்லோரும் அழைக்கும் குளோர்பெனிரமின், அல்லது செட்டிரிசின். இரண்டும் பழகிய மருந்துகள், இரண்டும் வேலை செய்பவை. ஆனாலும் இரவில் ஒன்றைக் குடித்துவிட்டு மறுநாட் காலை மோட்டார் சைக்கிளில் காலி வீதியில் ஏறுவதும், மற்றையதைக் குடித்துவிட்டு ஏறுவதும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வேலைக்கும் படிப்புக்கும் வந்து, கொழும்பின் ஈரக் காற்றில் முதன்முறையாக விடாத தும்மலைச் சந்திப்பவர்களையும், வீட்டில் யாருக்காவது தோல் தடித்துக் கடிக்கத் தொடங்கியதும் எதை வாங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

நித்திரை வரச் செய்யும் குளிசைதான் வலுவான குளிசை என்ற எண்ணம் நம்மவரிடையே ஆழமாக ஊறிக் கிடக்கிறது. அசந்து தூங்கினால் மருந்து பிடித்துவிட்டது என்கிறோம். தூக்கம் வராவிட்டால் அது சும்மா குளிசை என்று தள்ளிவிடுகிறோம். தூக்கம் அம்மருந்தின் பக்கவிளைவு மட்டுமே. தும்மலை அடக்கும் ஆற்றலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் தெரிவில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதற்படி: குளிசையைத் தேடக் கூடாத வேளைகளை அறிந்துகொள்ளுங்கள்

உதடோ நாக்கோ தொண்டையோ வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், தோல் தடிப்போடு தலைசுற்றி விழப் பார்த்தால் அல்லது தொடர்ந்து வாந்தி எடுத்தால், அது அனபிலக்சிஸ் என்னும் உயிராபத்தான நிலையாக இருக்கலாம். இறால், நிலக்கடலை, குளவிக் கொட்டு, ஊசி மருந்து என எதன் பின்னும் அது வரலாம். அப்போது உயிரைக் காப்பது தொடைத் தசையில் ஏற்றப்படும் அட்ரினலின் ஊசி. அலர்ஜிக் குளிசை தோற் கடியைச் சற்றுக் குறைக்குமேயன்றி, மூச்சுப் பாதை அடைபடுவதையும் குருதியமுக்கம் விழுவதையும் நிறுத்தாது. குளிசையைக் கொடுத்துவிட்டு அரை மணித்தியாலம் பார்ப்போம் என்று காத்திருப்பது இவ்விடத்தில் செய்யக் கூடாத காரியம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸை வரவழையுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள், மூச்சுவிடக் கடினமாக இருந்தால் சாய்த்து உட்காரவையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள்.

காய்ச்சலோடு வரும் தோற்சிவப்பும் தனியாகப் பார்க்கப்பட வேண்டியது. டெங்குக் காய்ச்சல் வடியும் நாட்களில் கைகளிலும் கால்களிலும் சிவந்த தடிப்பும் கடுமையான கடியும் வருவதுண்டு. கொழும்பில் டெங்கு இல்லாத மாதம் என்று ஒன்று இல்லை. ஆகவே காய்ச்சல் இருந்தால், அல்லது அண்மையில் இருந்திருந்தால், பாமசியில் நிற்காமல் வைத்தியரிடம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மீன் அதிகம் உண்ணும் நகரத்தில் இது அடிக்கடி தவறாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. பலயா, கெலவல்லா போன்ற சூரை வகை மீன்கள் பிடிபட்ட பின் போதிய குளிரில் வைக்கப்படாவிட்டால், அவற்றின் தசையிலுள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைப் பற்றீரியாக்கள் ஹிஸ்டமினாக, அதாவது அலர்ஜியின்போது நம் உடலே கொட்டும் அதே பொருளாக, மாற்றிவிடுகின்றன. அந்த ஹிஸ்டமின் கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அழியாது. சாப்பிட்டுச் சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணித்தியாலங்களுக்குள் முகம் சிவந்து எரியும், தலை இடிக்கும், நெஞ்சு படபடக்கும், உடம்பெல்லாம் கடிக்கும். ஒரே கறியைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கும் ஒருசேர வந்தால், அது பெரும்பாலும் மீன் அலர்ஜி அல்ல, பழுதான மீனின் நஞ்சு. அலர்ஜிக் குளிசை இதற்கும் கேட்கும். ஆனால் இதை வைத்து "எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று காலமெல்லாம் மீனை ஒதுக்கத் தேவையில்லை. மீன் வாங்கும் இடத்தை மாற்றினாற் போதும்.

இரண்டாம் படி: இது அலர்ஜிதானா என்று பாருங்கள்

தடிமனுக்கும் அலர்ஜிக்கும் மூக்கு ஒரே மாதிரித்தான் ஒழுகும். வேறுபாடு மற்ற அறிகுறிகளில் இருக்கிறது. தடிமன் என்றால் தொண்டை நோகும், உடம்பு உளையும், மெல்லிய காய்ச்சல் வரலாம், ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே அடங்கும். அலர்ஜி என்றால் மூக்கும் கண்ணும் மேலண்ணமும் அரிக்கும், வெளியேறும் சளி பச்சைத் தண்ணீர் போல் தெளிந்திருக்கும், காலையில் எழுந்தவுடன் அடுக்கடுக்காகத் தும்மல் வரும், வாரக்கணக்கில் நீடிக்கும். தடிமனுக்குச் செட்டிரிசின் போன்ற புதிய குளிசைகளால் சொல்லத்தக்க பயன் கிடையாது.

கொழும்பில் இதற்குப் பெரும்பாலும் காரணமாவது தூசுப் பூச்சி, அதாவது கண்ணுக்குத் தெரியாத உண்ணி வகை. குளிர்நாடுகளைப் போல் இங்கே பூந்தாதுக்கென்று ஒரு பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் தொல்லை இருக்கும், மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்போது கூடும். வாடகை அறையில் முன்னிருந்தவர் விட்டுச் சென்ற பழைய மெத்தை, வெயில் காணாத தலையணை, கரப்பான் பூச்சி ஓடும் சமையலறை அலுமாரி, இவையெல்லாம் சேர்ந்துகொள்ளும். நுளம்புச் சுருளின் புகை அலர்ஜியை உண்டாக்காவிட்டாலும், ஏற்கெனவே புண்ணாகிய மூக்கை மேலும் உறுத்தும். மெத்தைக்கு உறை போட்டு, விரிப்புகளை வாரம் ஒருமுறை சுடுநீரில் தோய்த்து, வெயில் கிடைக்கும் நாளில் தலையணையைக் காயப்போட்டால், குளிசையின் தேவையே பலருக்குக் குறையும். அதைச் செய்யாமல் குளிசையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

மூன்றாம் படி: இரண்டு தலைமுறைகளையும் வேறுபடுத்தி அறியுங்கள்

உடலுக்கு ஒவ்வாத ஒன்று உள்ளே வந்ததும், மாஸ்ட் கலங்கள் என்னும் காவற் கலங்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அது எச்-1 எனப்படும் ஏற்பிகளில் சென்று பொருந்தும்போது தும்மலும் அரிப்பும் தடிப்பும் உண்டாகின்றன. அலர்ஜிக் குளிசைகள் எல்லாமே இந்த ஏற்பிகளை முன்கூட்டியே பிடித்து அடக்கிவைப்பவை. ஏற்கெனவே கொட்டிய ஹிஸ்டமினை அவை அழிப்பதில்லை என்பதால், அறிகுறி முற்றிய பின் குடிப்பதைவிட முன்னதாகக் குடிப்பது நல்ல பலன் தரும். பூனை உள்ள வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால், போவதற்கு ஓரிரு மணித்தியாலத்துக்கு முன் குடிப்பதுதான் புத்தி.

இதே ஹிஸ்டமின் மூளையில் நம்மை விழித்திருக்கச் செய்யும் வேலையையும் பார்க்கிறது. டானியல் போவே 1937 இல் முதல் ஹிஸ்டமின் எதிர்ப்புப் பொருளைக் கண்டறிந்து, 1957 இல் நோபல் பரிசும் பெற்றார். அந்த வழியில் வந்த குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெதசின், ஹைட்ரொக்சிசின் ஆகிய முதற்றலைமுறை மருந்துகள் மூளைக்குள் எளிதாகப் புகுந்துவிடுகின்றன. தூக்கம் வருவது அதனால்தான். மேலும் அவை வேறு ஏற்பிகளிலும் கைவைப்பதால் வாய் உலர்தல், மலச்சிக்கல், பார்வை மங்கல், சிறுநீர் தடைப்படுதல் ஆகியவையும் வரலாம்.

செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், லொராட்டடின், டெஸ்லொராட்டடின், பெக்சோபெனடின், பிலாஸ்டின் முதலிய இரண்டாந்தலைமுறை மருந்துகள் மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்கின்றன. தும்மலையும் தடிப்பையும் அடக்குவதில் அவை பழையவற்றுக்குச் சளைத்தவை அல்ல. பெரும்பாலானவற்றை நாளுக்கு ஒருமுறை குடித்தாற் போதும்.

பெயர்களைக் கண்டு மயங்க வேண்டாம். ஹைட்ரொக்சிசின் உடலில் மாறிக் கிடைப்பது செட்டிரிசின். அந்தச் செட்டிரிசினின் செயற்படும் பாதியைப் பிரித்தெடுத்தது லெவோசெட்டிரிசின். லொராட்டடின் உடலில் மாறி ஆவது டெஸ்லொராட்டடின். ஆகவே 10 மில்லிகிராம் செட்டிரிசினும் 5 மில்லிகிராம் லெவோசெட்டிரிசினும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்று கேட்கவில்லை என்று அதன் உடன்பிறப்பை வாங்குவதில் பெரிய பொருள் இல்லை. மாற்றுவதானால் வேறு குடும்பத்துக்கு மாறுங்கள். பெக்சோபெனடினின் கதை வேறு. டெர்பெனடின் என்ற மருந்து சிலரில் இதயத் துடிப்பைக் குழப்பியதால் 1990களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதே மருந்து உடலில் மாறி உருவாகும் பொருளே, அந்த ஆபத்து இல்லாத பெக்சோபெனடின்.

நான்காம் படி: உங்களுக்கு ஏற்றதைத் தெரிந்தெடுங்கள்

கீழே சொல்லப்படும் அளவுகள் வளர்ந்தவர்களுக்கான பொதுவான அளவுகள். உங்கள் வைத்தியர் துண்டில் வேறு அளவு எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

செட்டிரிசின் 10 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. சுமார் ஒரு மணித்தியாலத்தில் வேலை தொடங்கும், ஒரு நாள் நிற்கும். தோற் தடிப்புக்கும் கடிக்கும் நன்றாகக் கேட்கும். இரண்டாந்தலைமுறையைச் சேர்ந்ததாயினும், சிலருக்குத் தெளிவாகவே தூக்கம் வரும். ஆகவே முதற் குளிசையை இரவில் குடித்துப் பாருங்கள். பலர் அதை இரவிலேயே வைத்துக்கொண்டு காலையில் தெளிவாக எழுகிறார்கள். பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் அளவைக் குறைக்க வேண்டும். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் பல ஆண்டுகளாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

லொராட்டடின் 10 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. தூக்கம் வருவது அரிது. செட்டிரிசினைவிடச் சற்று மெதுவாகத் தொடங்கும். தோற் கடியில் அதன் வலு கொஞ்சம் குறைவு என்று உணர்பவர்கள் உண்டு. அலுவலகத்தில் கணக்கு வேலை பார்ப்பவருக்கும், பரீட்சைக்குப் படிப்பவருக்கும், முதன்முறை வாங்குபவருக்கும் நான் முதலிற் சொல்வது இதைத்தான். ஈரல் நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

பெக்சோபெனடின், மூக்குத் தொல்லைக்கு 120 மில்லிகிராமும் நாட்பட்ட தோற் தடிப்புக்கு 180 மில்லிகிராமுமாக நாளுக்கு ஒருமுறை. தூக்கத்தை ஏற்படுத்தாதவற்றுள் முன்வரிசையில் நிற்பது இது. பஸ் சாரதி, ஓட்டோ ஓட்டுபவர், கட்டடச் சாரத்தில் ஏறி வேலை செய்பவர், இயந்திரத்தில் நிற்பவர் ஆகியோருக்கு விலை சற்றுக் கூடினாலும் இதுவே தகும். இதில் ஒரு விசித்திரம் உண்டு: தோடம்பழச் சாறு, அப்பிள் சாறு போன்றவற்றோடு குடித்தால் குடலில் உறிஞ்சப்படும் அளவு பெரிதும் குறைந்துவிடும். நெஞ்செரிவுக்குச் சப்பும் அலுமினியம், மக்னீசியம் கலந்த குளிசைகளும் அவ்வாறே தடுக்கும். இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடவேண்டும். பச்சைத் தண்ணீரோடு மட்டும் குடியுங்கள். "பெக்சோ எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்பவரிடம் நான் முதலிற் கேட்பது எதோடு குடித்தீர்கள் என்பதுதான்.

பிலாஸ்டின் 20 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. தூக்கம் வருவது மிகக் குறைவு. உணவும் பழச்சாறும் இதையும் தடுக்கும் என்பதால், சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னரோ இரண்டு மணித்தியாலம் பின்னரோ குடிக்க வேண்டும். எபாஸ்டின், ருபாட்டடின் ஆகியவையும் இதே வரிசையில் வருபவை. முதன்முறை வாங்குபவர் அவற்றைத் தேடிப் போகத் தேவையில்லை.

இனிக் குளோர்பெனிரமின். 4 மில்லிகிராம் குளிசை, நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, 24 மணித்தியாலத்தில் 24 மில்லிகிராமுக்கு மேற்படாமல். மலிவு, எங்கும் கிடைக்கும், விரைவில் வேலை செய்யும், நெடுங்காலப் பழக்கமுள்ளது. இவை உண்மையான நற்பண்புகள். ஆனால் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குடிக்கும் மருந்து என்பதால் அது நான்கு மணித்தியாலத்தில் உடலைவிட்டுப் போய்விடுகிறது என்று எண்ண வேண்டாம். வளர்ந்தவர்களின் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 மணித்தியாலம் செல்லலாம். இரவில் குடித்தவர் காலையில் எழுந்து தேநீர் குடித்துக் குளித்து உடுத்தி வெளிக்கிட்டுவிட்டாலும், கவனமும் எதிர்வினை வேகமும் இன்னும் மந்தமாகவே இருக்கும். ஆளுக்கு அது தெரியாது என்பதுதான் ஆபத்து. இரவில் கடியினால் நித்திரை கொள்ள முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு, அதுவும் மறுநாள் வீட்டில் இருப்பவருக்கு, ஓரிரு நாள் இது உதவும். நாள்தோறும் குடிக்கும் மருந்தாக இதை வைத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். எந்தத் தூக்க மருந்தோடும் மதுவோடும் இதைச் சேர்க்கவே கூடாது.

அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு முதற்றலைமுறை மருந்துகள் பொதுவாகவே ஏற்றவை அல்ல. தடுமாற்றம், விழுதல், மறதி, நினைவுக் குழப்பம் ஆகியவற்றை அவை கூட்டும். புரஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைபடலாம். கண்ணுள் அழுத்தம் கூடும் கிளைகோமா நோயின் ஒருவகையில் கண்ணுக்கே ஆபத்தாகலாம். இரவில் பிரிட்டோன் குடித்த தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்தால், வீட்டார் வழுக்கலைத்தான் குறைசொல்வார்கள்.

கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் லொராட்டடினும் செட்டிரிசினும் பொதுவாக முன்னுரிமை பெறுகின்றன. எனினும் இதைக் கிளினிக்கிலோ வைத்தியரிடமோ கேட்டே தொடங்க வேண்டும். தூக்கம் தரும் மருந்துகள் பால் வழியாகக் குழந்தையையும் மயக்கத்தில் ஆழ்த்தலாம்.

குழந்தைகளுக்கு

இங்கே அவசரமே கூடாது. புரோமெதசின் பாணியை இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சு ஒடுங்கி மரணம் நேர்ந்ததுண்டு. பயணத்திலோ இரவிலோ பிள்ளையைத் தூங்கவைப்பதற்காக அலர்ஜிப் பாணியைக் கொடுக்கும் பழக்கம் எங்கிருந்தாலும் கைவிடப்பட வேண்டியது. சில பிள்ளைகளில் அது எதிர்மாறாக வேலை செய்து, இரவு முழுவதும் துள்ளித் திரிய வைக்கும்.

செட்டிரிசின் பாணியில் 5 மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம் இருப்பது வழக்கம். இரண்டு முதல் ஐந்து வயது வரையானவர்களுக்கு 2.5 மில்லிகிராம் வீதம், ஆறு முதல் பதினொரு வயது வரையானவர்களுக்கு 5 மில்லிகிராம் வீதம், நாளுக்கு இருமுறை கொடுப்பது பொதுவான முறை. இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் வைத்தியர் சொன்னால் மட்டுமே. அளக்கும்போது வீட்டுத் தேக்கரண்டியை எடுக்காதீர்கள், அது 3 மில்லிலீற்றரும் கொள்ளும், 7 மில்லிலீற்றரும் கொள்ளும். போத்தலோடு வரும் மூடியையோ, ஊசியில்லாத சிறு சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். பிள்ளை தவறுதலாகப் பாணியையோ குளிசைகளையோ கூடுதலாகக் குடித்துவிட்டால், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சிறு பிள்ளைகளில் பழைய மருந்துகளின் மிகையளவு வலிப்பையும் இதயத் துடிப்புக் குழப்பத்தையும் உண்டாக்கும்.

ஐந்தாம் படி: பாமசியில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

நம் பாமசிகளில் அட்டையாக வாங்குபவர் குறைவு. கத்தரிக்கோலால் நான்கு குளிசை வெட்டி, சிறிய கடதாசி உறையில் போட்டு, உறையின் மேல் பேனையால் ஏதோ கிறுக்கித் தருவார்கள். அப்படி வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதித் திகதியும் பொறிக்கப்பட்ட ஓரம் பெரும்பாலும் அவர்கள் பக்கத்து மிச்ச அட்டையிலேயே நின்றுவிடும். ஆகவே உறையை வாங்கி நடக்கத் தொடங்குமுன் மூன்றைக் கேளுங்கள்: மருந்தின் பொதுப்பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், காலாவதித் திகதி எது. அம்மூன்றையும் உறையில் எழுதித் தரச் சொல்லுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முறைத்தாலும் பரவாயில்லை. நிறத்தையும் வடிவத்தையும் வைத்து "அதே குளிசைதான்" என்று ஒருபோதும் முடிவுகட்டாதீர்கள். ஒரே மருந்தைப் பல நாடுகளின் பல நிறுவனங்கள் பல நிறங்களில் செய்கின்றன.

துண்டோடு போகிறீர்கள் என்றால் அதிலுள்ள குறிப்புகளை விளங்கிக்கொள்ளுங்கள். சி.பி.எம். என்று இருந்தால் அது குளோர்பெனிரமின். நொக்டே என்றால் இரவில், மானே என்றால் காலையில், பி.டி. என்றால் நாளுக்கு இருமுறை, ரி.டி.எஸ். என்றால் மும்முறை. விலை உங்களுக்குக் கவலை என்றால், அதே பொதுப்பெயரில் குறைந்த விலையில் எது உண்டு என்று மருந்தாளரிடம் வெட்கமின்றிக் கேளுங்கள். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கிளைகளில் பொதுப்பெயர் மருந்துகள் பொதுவாகக் கைக்கெட்டும் விலையில் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த போத்தலிலும் வர்த்தகப் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பாருங்கள். ஒரே வர்த்தகப் பெயரின் கீழ் நாட்டுக்கு நாடு வேறு மருந்து இருப்பது உண்டு.

கூட்டுக் குளிசைகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். தடிமனுக்கென்று விற்கும் பல குளிசைகளில் பரசிற்றமோலோடு குளோர்பெனிரமினும் கலந்திருக்கும். அதைக் குடிப்பவர் தனியாகப் பிரிட்டோனும் குடித்தால் இரட்டை அளவாகும். லெவோசெட்டிரிசினோடு, நெஞ்சு இழுப்புக்கும் கொடுக்கப்படும் மொண்டெலுகாஸ்ட் என்ற மருந்து சேர்ந்த குளிசையும் இங்கே பரவலாகக் கிடைக்கிறது. மொண்டெலுகாஸ்ட் சிலரில் கெட்ட கனவு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகலாம் என்று 2020 இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் கடும் எச்சரிக்கையைச் சேர்த்தது. வெறும் தும்மலுக்கு அது தேவையில்லை. ஸ்டீரொயிட் கலந்த அலர்ஜிக் குளிசைகளும் உண்டு; அவை அற்புதமாகக் கேட்பது போல் தோன்றும், ஆனால் அடிக்கடி குடித்தால் சீனியையும் குருதியமுக்கத்தையும் ஏற்றிவிடும். தனியார் மருந்தகத்தில் பெயரில்லாமல் பொதி கட்டித் தரப்படும் குளிசைகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வாங்குவது உங்கள் உரிமை.

ஆறாம் படி: குடித்துப் பார்த்து மதிப்பிடுங்கள்

ஒரே நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் தொடங்குங்கள். நாளாந்தத் தொல்லை என்றால், ஒரு வாரமாவது ஒரே நேரத்தில் ஒழுங்காகக் குடித்த பின்னரே கேட்கிறதா இல்லையா என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் நீங்களாக இரண்டு மடங்காக்க வேண்டாம். நாட்பட்ட தோற் தடிப்புக்கு வைத்திய நிபுணர்கள் புதிய மருந்துகளின் அளவை நான்கு மடங்கு வரை உயர்த்துவதுண்டு. அது அவர்கள் பார்த்துச் செய்ய வேண்டியது. தடிப்பு ஆறு வாரத்தைத் தாண்டினாலும், ஒரே தடிப்பு ஒரே இடத்தில் 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றாலும், போன இடத்தில் கண்டல் போன்ற அடையாளம் விட்டாலும் தோல் நோய் நிபுணரைக் காண வேண்டும்.

மூக்கடைப்புதான் உங்கள் முதன்மைத் தொல்லை என்றால், எந்தக் குளிசையும் உங்களைத் திருப்திப்படுத்தாது. தும்மல், அரிப்பு, ஒழுகல் ஆகியவற்றையே அவை நன்றாக அடக்கும். அடைப்புக்கு உகந்தது பெக்லோமெத்தசோன், புளூட்டிக்கசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீரொயிட் மூக்கு ஸ்பிரே. அதைத் தலையைச் சற்றுக் குனிந்து, முனையை மூக்கின் நடுச்சுவரை நோக்காமல் வெளிப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும். முழுப் பலன் தெரியச் சில நாட்களிலிருந்து இரண்டு வாரம் வரை செல்லும். இரண்டு நாள் அடித்துவிட்டுத் தூக்கி எறிபவர்களே பலர். உடனே மூக்கைத் திறக்கும் ஒக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் துளிகளை ஐந்து நாளுக்கு மேல் விடாதீர்கள். அதன்பின் துளியை நிறுத்தினாலே மூக்கு அடைக்கும் நிலை வந்துவிடும். நெஞ்சில் இழுப்பு உள்ளவர்கள் அலர்ஜிக் குளிசையை நம்பி இன்ஹேலரைக் கைவிடக் கூடாது.

நீண்ட காலம் குடித்த பின்

செட்டிரிசினையோ லெவோசெட்டிரிசினையோ மாதக்கணக்கில் நாள்தோறும் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்தியவர்களுள் மிகச் சிலருக்குச் சில நாட்களில் உடலெங்கும் கடுமையான கடி தோன்றியதாக 2025 மே மாதத்தில் அமெரிக்க ஒழுங்குமுறை நிறுவனம் அறிவித்தது. அரிதானதே. ஆனாலும் நீண்ட காலம் குடித்தவர்கள் வைத்தியரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைப்பது நல்லது. நிறுத்தியதும் வந்த கடியைப் பழைய அலர்ஜி திரும்பிவிட்டது என்று உடனே எண்ணிவிடவும் வேண்டாம்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் கண்டறியத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்குத் திகதி எடுத்தவர்கள், அதற்குச் சில நாட்களுக்கு முன்பே, வழக்கமாக ஒரு வாரத்துக்கு முன்பே, அலர்ஜிக் குளிசைகளை நிறுத்த வேண்டியிருக்கும்; இல்லாவிட்டால் அலர்ஜி இருந்தும் தோல் தடிக்காது, பரிசோதனை பொய்யாகும். தடிமன் குளிசைக்குள் ஒளிந்திருக்கும் குளோர்பெனிரமினும் இந்தக் கணக்கில் சேரும். எத்தனை நாள் என்பதைத் திகதி தரும் இடத்திலேயே கேட்டு, நீங்கள் குடிக்கும் எல்லா மருந்துகளின் பெயர்களையும் எழுதிய துண்டை அவர்களிடம் காட்டுங்கள். இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. என்னும் அலர்ஜி தொடர்பான எதிர்ப்பொருளின் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்கு அப்படி எதையும் நிறுத்தத் தேவையில்லை.